தரிசு அல்ல, றெஜினா அக்காவின் பட்டாணிப் பாத்தி

1. செப்டம்பர் மூன்றாம் வெள்ளி: "மாமா, அம்மா போயிட்டா," என்று றெஜினா அக்காவின் மகள் மெரீனா தொலைபேசியில் சொன்னாள். அக்காவின் பாத்தி இனி யாருக்கு என்று தோட்டக் குழுவினராகிய உங்களில் ஒருவர் அன்று மாலையே என்னிடம் கேட்டார்.

2. அடுத்த திங்கள்: நாங்கள் அடக்கத்தில் நின்ற வேளையில், அவர் நட்டிருந்த கொடிக்கம்புகள் பிடுங்கப்பட்டன.

3. அக்டோபர் முதல் ஞாயிறு: பாத்தி "கவனிப்பாரற்றுத் தரிசாகக் கிடக்கிறது" என்று கூறி, அங்கே தண்ணீர்த் தாங்கி வைக்கத் தீர்மானித்தீர்கள்.

தரிசு என்ற அந்தச் சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே தெற்கு இத்தாலியில், பிரான்காச்சோ தொடர்மாடிகளின் பின்னால் நமக்கு நிலம் கிடைத்த முதல் ஆண்டில், இந்த ஊர் வழக்கப்படி செப்டம்பரின் முதல் மழையோடு எல்லோரும் பட்டாணி விதைத்தோம். டிசம்பரில் நத்தாருக்குக் கொடிகள் வெள்ளையாகப் பூத்தன. அக்கா மன்னாரிலுள்ள தங்கைக்குப் படம் அனுப்பினார். தை மாதத்தில் ஒரு விடியலில், கடற்கரையில் விழாத உறைபனி மலையடியிலுள்ள நம் பள்ளத்தில் விழுந்தது. பூக்கள் கருகின, இலைகள் பிழைத்தன. அக்கா குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். "குளிர் பூவைத்தான் தின்னுது. இலையைத் தொடேல்லை."

மறு ஆண்டு, அவர் வேலை செய்த வீட்டு சிஞோரா தந்த விதைப் பைக்கற்றில் அச்சிட்டிருந்தபடி மாசியில் விதைத்தார். அது வடக்கு இத்தாலியின் கணக்கு. காய் முற்றுமுன் இங்குள்ள வெயில் கொடியைக் காய வைத்தது.

அதன்பின் ஆண்டுதோறும், இறந்தவர்களை நினைவுகூரும் சகல ஆன்மாக்கள் நாளான நவம்பர் இரண்டில், கணவரின் கல்லறையிலிருந்து திரும்பி, பூசைக்கு உடுத்த சேலையோடேயே விதைத்தார். பனிக்காலம் முழுவதும் பயிர் இலையாகவே நிற்கும்; பனி ஓய்ந்த பிறகே பூக்கும். ஆன்மாக்கள் நாள் வரும்வரை, உங்கள் பாத்திகள் பச்சையாக இருக்கையில், அவருடையது வெறும் மண்ணாகவே கிடக்கும்.

ஒருமுறை நான் பொறுக்காமல் முந்தி விதைத்தேன். "தம்பி, உம்மட பூவெல்லாம் நத்தார் கொண்டாடிப்போட்டுச் செத்துப்போச்சு," என்று சிரித்தார். பங்குனியில் தம் காய்களில் பாதியை என் கூடையில் கொட்டிவிட்டு, "உரிச்சுத் தரவும் வேணுமோ?" என்றார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் விதைப் போத்தலை என் கையில் தந்தபோது சொன்னார்: "மழை பெய்யுதெண்டு போட்டிடாதேயும். ஆத்துமாக்கள் நாள் வரும் மட்டும் பொறும்."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தப் போத்தலும் அந்தச் சிரிப்பும். பொறுமையை அவர் தரவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பழகியிராது.

ஆகவே, தீர்மானம் மீளப்பெறப்பட்டதா என்பதைச் நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாள் மாலை ஆறு மணிக்குள் எனக்கு எழுத்தில் அறிவியுங்கள். மறுநாள் மெரீனாவும் நானும் அக்காவின் கல்லறையிலிருந்து நேரே பாத்திக்கு வருவோம். விதை முதல்நாள் இரவே ஊறத் தொடங்கிவிடும்.