எட்டெழுத்து இடம்

ஜானு பதினைந்து வருஷம் மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். தொண்ணூற்றேழில் அந்தக் கம்பெனி டைப்ரைட்டர்களையும் டைப்பிஸ்ட்டுகளையும் ஒரே வாரத்தில் வெளியே அனுப்பியது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பாண்டி பஜாரில் ஒரு மாடியில், தன் பெண் மஹதியைவிட நாலைந்து வயதே மூத்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தாள். சான்றிதழை எடுத்துக்கொண்டு ஏறிய இடத்திலெல்லாம் வயதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தி. நகரில் ஒரு ஃப்ளாட்டின் ஹாலில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த ஜெயராம் மட்டும் வேறு எதையோ பார்த்தான்.

"தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸா? இங்க ஒருத்தனுக்கும் தமிழ் அடிக்க வராது மேடம். திங்கக்கிழமை வந்துடுங்கோ." பிறகு, மறைக்காமல் சொன்னான். "ஆறு மாசம் பாப்பேன். ஸ்கிரீன் போட வந்துடுத்துன்னா புரோகிராமர். இல்லேன்னா டைப்பிங் டேபிள்தான். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

டைப்பிங் டேபிள் என்றால் என்ன என்று ஜானுவுக்குத் தெரியும். பதினைந்து வருஷம் பிறர் எழுதியதை அடித்திருக்கிறாள். மேனேஜர் தப்பாக எழுதியதைத் தப்பாகவே அடித்திருக்கிறாள். ஸ்கிரீன் போடுகிறவளுக்கு அப்படி இல்லை. எந்தப் பெட்டி எங்கே, எந்தப் பட்டனில் என்ன சொல் என்பதை அவளே முடிவு செய்யலாம். புள்ளி புள்ளியாகக் கோலத்துக்கு வைத்த மாதிரி கம்ப்யூட்டர் திரையில் இருந்த சாம்பல் நிறப் பரப்பில் முதல் பட்டனை இழுத்து வைத்தபோது, இந்த வேலையை விடக் கூடாது என்று நினைத்தாள்.

முதல் வேலை அடையாறில் ஒரு டிரஸ்ட் நடத்திய சிறுநீரக மையத்துக்கு. ஐந்து இயந்திரங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர்கள். கவுன்ட்டரில் நிஷா என்ற பெண் இருந்தாள். ஜானு போட்ட ஸ்கிரீனில் முதல் நாளே குறை சொன்னாள்.

"மேடம், பேரு அடிச்சுட்டு டேப் கீ தட்டினா வயசுக்குப் போவாம அட்ரஸுக்குத் தாவுது. அங்கேர்ந்து மறுபடி மேல ஏறி வரணும். பம்பரமா நான்?"

ஜானு பெட்டிகளின் வரிசை எண்களைத் திருத்தினாள். அடுத்த வாரம் நிஷா குறை சொல்லவில்லை. அது போதும் என்றிருந்தது.

பிறகு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். காத்திருக்கிறவர்கள் நிமிஷத்துக்கொரு தரம் கவுன்ட்டரில் வந்து கேட்கிறார்கள். கூடத்தில் ஒரு டி.வி. வைத்து, யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தமிழில் காட்டினால் நிம்மதி. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சண்முகசுந்தரம் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் முழுதாகத் தெரிய இடம் விட்டதில், நிலைமையைச் சொல்லும் பத்தியில் எட்டெழுத்துக்குத்தான் இடம் மிஞ்சியது. 'காத்திருக்கிறார்' கச்சிதமாக உட்கார்ந்தது. 'நடக்கிறது'வும் சரி. 'சிகிச்சை முடிந்தது' வால் அறுந்து நின்றது.

வீட்டில் சொன்னபோது கணவர் ஸ்ரீரங்கன் பேப்பரை மடக்காமலே சொன்னார்.

"எட்டெழுத்தா? பெருமாள் மந்திரமே அவ்வளவுதாண்டி. உனக்கு மட்டும் என்ன போறலை?"

ஜானு 'சிகிச்சை'யை எடுத்துவிட்டாள். 'முடிந்தது' ஐந்தெழுத்து. தாராளமாகப் பொருந்தியது.

டி.வி. ஓடத் தொடங்கிய அன்று அவளும் கூடத்தில் இருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற கோதண்டபாணி மூன்றாம் இயந்திரத்தில் படுத்திருந்தார். சாலையோரம் மீன் விற்கும் அவர் மனைவி முத்தம்மா கீழே டீ குடிக்கப் போயிருந்தாள். நாலாவது வரை படித்தவள். திரும்பி வந்து நின்று, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினாள். கோதண்டபாணி. முடிந்தது.

"ஐயோ!" என்று அவள் போட்ட கூச்சலில் நிஷா கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. "எம் புருசன முடிச்சிட்டீங்களேடா! டீ குடிச்சினு வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களே!"

கையில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு கோதண்டபாணி கதவைத் திறந்து வந்தார்.

"இன்னாமே கூவிக்கினு கீற? உசுரோடதான் கீறேன்."

முத்தம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்தம்மா ஜானுவிடம் வந்தாள்.

"நீதான் எய்தினியா?"

"ஆமாம்மா. சிகிச்சை முடிஞ்சதுன்னு..."

"மனுசனப் போயி முடிஞ்சதுன்னு எய்துவியா? அது இன்னா, அது? கொயம்பா, கொதிச்சு முடியறதுக்கு? வூட்டுக்குப் போறவரு. வராருன்னு எய்து."

ஜானு அன்றே மாற்றினாள். 'வருகிறார்.' அதுவும் ஐந்தெழுத்து. ஆனால் செய்தி ஜெயராமுக்குப் போய்விட்டது. ஆறு மாசத்தோடு இன்னும் மூன்று மாசம் சேர்த்தான். "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

கம்ப்ளெயின்ட் வரவில்லை. போகும்போதெல்லாம் ஜானு சற்று நேரம் கூடத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள். 'வருகிறார்' என்று விழுந்ததும் யாராவது ஒருவர் எழுந்து பையை எடுப்பார். முத்தம்மா, கோதண்டபாணியின் செருப்பை எடுத்து, உள்கதவுக்கு முன்னால் அவர் கால் நுழைக்க வாகாகத் திருப்பிப் போட்டுவிட்டு நிற்பாள். தான் வைத்த ஒரு சொல்லுக்கு ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள் என்பது ஜானுவுக்கு அலுக்கவில்லை.

ஜெயராம் சேர்த்த மூன்று மாசம் முடிய ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிஷா போன் செய்தாள். குரல் அடங்கியிருந்தது.

"மேடம், பேரை எப்படி எடுக்கறது?"

"எந்தப் பேரை?"

"கோதண்டபாணி சார் மேடம். பிரஷர் டக்குனு எறங்கிடுச்சு. எவ்வளவோ பண்ணாங்க." மூச்சு வாங்கினாள். "மூணாம் மிஷினுக்கு அடுத்த ஆளை அடிச்சா, முன்ன இருக்கறவரை முதல்ல வெளிய அனுப்புன்னு கேக்குது. பதட்டத்துல தட்டிட்டேன். 'வருகிறார்'னு விழுந்துடுச்சு."

ஜானு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் செய்த ஸ்கிரீனில் காத்திருக்கலாம், உள்ளே இருக்கலாம், வெளியே வரலாம். நாலாவதாக ஒன்று வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"டி.வி.யை அணைச்சுடு."

"அணைச்சிட்டேன் மேடம். அதுக்குள்ள அந்தம்மா பாத்துடுச்சு. செருப்பத் திருப்பிப் போட்டுக்கினு கதவாண்ட நிக்குது."

"டாக்டர் சொல்லலையா?"

"உள்ள கை கழுவிக்கினு கீறாரு. யாரும் இன்னும் சொல்லல. நான் இன்னா பண்றது மேடம்?"

ஜானு ரிஸீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் நிஷா போனை மேஜைமேல் வைத்துவிட்டாள் போலிருந்தது. கூடத்தின் சத்தம் கேட்டது. பிறகு, தெளிவாக, முத்தம்மாவின் குரல்.

"ஏம்மா, டி.வி. அமிஞ்சிடுச்சே. வராருன்னுதான போட்டுது?"

ஜானு போனை வைத்தாள். வைத்திருக்கக் கூடாது என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜெயராமிடம் போய், இப்படிப்பட்ட நேரத்துக்கு ஒரு பட்டன் வேண்டும் என்றாள். ஜெயராம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"டாக்டர் கேட்டாரா?"

"கேக்கலை."

"கேக்காததைப் போட்டா அதுக்கும் நாமதான் பொறுப்பு. அதோட, செத்துப்போறவாளுக்குன்னு ஒரு பட்டன் வெக்கணும்னு அவர்ட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றது? அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் மேடம்."

அடுத்த வெர்ஷன் எப்போது என்று ஜானு கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டனை வைத்தாள். அழுத்தினால் பெயர் திரையிலிருந்து போய்விடும். எந்தச் சொல்லும் விழாது. பட்டனின் மேல் எழுதப் பல சொற்களை அடித்துப் பார்த்தாள். 'நீக்கு' என்று அடித்து அழித்தாள். 'இல்லை' என்று அடித்து அழித்தாள். காலியாகவே விட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஃப்ளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக அடையாறுக்குப் பஸ் ஏறினாள். நிஷா நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை டாக்டரிடமிருந்து போன் வந்தது. பட்டனைப் பற்றிக் குறை இல்லை. தம்மைக் கேட்காமல் தம் கம்ப்யூட்டரில் ஒருவர் கைவைத்தது சரியா என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜெயராமும் சத்தம் போடவில்லை.

"நீங்க பண்ணினது தப்புன்னு சொல்ல வரலை மேடம். சொல்லாம பண்ணேளே."

அவளை டைப்பிங் டேபிளுக்கு மாற்றினான். அது ஃப்ளாட்டின் சமையலறையாக இருந்த இடத்தில் போடப்பட்டிருந்தது. ஜன்னல் இல்லை. வீட்டில் ஸ்ரீரங்கன் அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பட்டன்ல என்னதான் எழுதினே?"

"ஒண்ணும் எழுதலை."

அவர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "காபி ஆறிண்டிருக்கு" என்றார்.

முத்தம்மாவை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்க்கப் போகவும் இல்லை. பீச் ரோடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால், மீன்காரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் அந்த மையத்துக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்று கேட்டார்கள். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்து ஜானு அடித்துக்கொண்டு போனாள். வலது ஓரத்துச் சின்னப் பட்டனைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார். அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஜானு ஒரு வரி சேர்த்தாள்: "வலது ஓரத்தில் பெயரில்லாத பொத்தான். இதை அழுத்துமுன் வீட்டாரிடம் நேரில் சொல்லவும்."

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனாள்.