வாய் திறக்காத மீன்

அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவரின் மேலதிகாரி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தன் மீன் தொட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். "ஆப்பிரிக்கா மீன்மா, ஜாக்கிரதை" என்றார்.

மூன்றாம் நாளே ஒரு மீன் தீனியைத் தொடவில்லை. தாடை வீங்கியிருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு மூலையிலேயே நின்றது. எனக்கும் சோறு இறங்கவில்லை. செத்துப்போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் ஈரத்துணியில் பிடித்து, கொண்டை ஊசியால் அதன் வாயைத் திறந்தேன். மஞ்சள் மஞ்சளாக ஏதோ கொட்டியது. சீழ்க்கட்டி என்று நினைத்துச் சாக்கடையில் ஊற்றினேன். மறுநாளே மீன் நன்றாகத் தின்றது!

கொரட்டூரிலிருந்து மீன் விற்க வந்தவளிடம் என் வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம ஏரி ஜிலேபி மீன் ஜாதிம்மா. சீழு இல்ல அது, முட்டை. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வாயிலயே வெச்சுகினு பட்னி கெடக்கும்."

சாக்கடைக்கு ஓடினேன். வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி திரும்பி வந்து, "நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுதான் திறக்கிறேன்.