ஷாம்பு வேனும் சித்தப்பாவின் எண்ணெய் டின்னும்

1987 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபது. வெயிலோடு தூறல். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் ஷாம்பு கம்பெனி வேன் ஒன்று நான்காவது நாளாக நின்றுகொண்டிருந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களைச் சாய்த்திருந்தார்கள்; சேலம் பக்கமும் போக முடியாது, கல்வராயன் மலைப் பக்கமும் முடியாது. நின்ற இடத்திலேயே கூவுவது என்று டிரைவர் முடிவு செய்துவிட்டார். ஒரே விளம்பரம், மணிக்கு நாற்பது தடவை. எண்ணினேன்.

சித்தப்பா பட்டம் வாங்கி, பதினேழு வேலைக்கு மனுப்போட்டு, ஒன்றும் கிடைக்காமல் வீட்டில் இருந்தவர். சென்னை விடுதியிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். பங்க் இசையாம். வெள்ளைக்காரப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"கம்பெனிக்காரன் ஆச காட்டறான், இவனுங்க வேணாம்னு கத்தறானுங்க. அதுக்கு ராகம் இன்னாத்துக்குடா?" என்றார்.

வேனுக்கு எதிரே காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, விறகுக்கட்டையால் அடித்து, அவரும் கத்தினார்: "வேணாம்! வேணாம்! வேணும்னு எவன்டா சொன்னான்?"

முதல் நாள் ஒன்பது பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நூற்றுப் பதினான்கு. "தலைக்கு ஊத்திக்கினு வந்து கத்துப்பா, இன்னும் நல்லாக் கேக்கும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். சித்தப்பா நிறுத்தவில்லை. அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் கத்துவதை டேப்பில் பதிவு செய்வது என் பொறுப்பு. ஞாயிறு மதியம் டிரைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கேசட்டக் குடு. நம்ம வேனு ஸ்பீக்கர் குழாயில போட்டா உங்க சித்தப்பா கொரலு எட்டுத் தெருவுக்குக் கேக்கும்." பன்னிரண்டு பாக்கெட் ஷாம்புவும் தந்தார். எட்டுத் தெரு என்றதில் மயங்கிக் கொடுத்துவிட்டேன்.

நான்கு இருபதுக்குக் குழாய் அலறியது: "வேணாம்! வேணாம்!" உடனே டிரைவர் மைக்கில் குழைந்தார்: "வேணாமா? ஒரு தடவ போட்டுப் பாருங்க, அப்புறம் வேணும் வேணும்பீங்க!"

தெருவே சிரித்தது. ஒரு மணி நேரத்தில் இருநூற்று அறுபது பாக்கெட் விற்றது. சித்தப்பா கட்டையைப் பிடித்தபடி நின்றார். "எட்டுத் தெரு, சித்தப்பா!" என்று ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை.

அறிவிப்பாளர் வேலை, மாதம் நானூறு என்று டிரைவர் அப்பாவிடம் பேசினார். அப்பா தன் தம்பியிடம் சொன்னார்: "பதினேழு எடத்துல உன்ன வேணாம்னாங்க. இவன் ஒருத்தன்தான் கூப்புடறான். இன்னா பாத்துக்கினு நிக்கிற, ஏறு."

மரங்களை அகற்றியதும் வேன் கிளம்பியது. முன்சீட்டில் கம்பெனித் தொப்பியோடு சித்தப்பா. நான் கைதட்டினேன். வேலை இல்லாதவருக்கு வேலை, கத்துகிறவருக்கு ஒலிபெருக்கி. என் கணக்குக்குச் சரியாகவே வந்தது. அவர் ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

பதினோரு மாதத்தில் தொண்டை போய்த் திரும்பினார். அதன்பின் முப்பத்து நான்கு வருடம், யார் எதைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டார். வேனில் சம்பாதித்தது நாலாயிரத்து நானூறு ரூபாய். தொண்டை வைத்தியத்துக்கு ஆனது ஆறாயிரத்து நூற்றைம்பது.