என் வீட்டுச் சுவரை எழுப்பிய ஆரோக்கியமேரி

புதுச்சேரியில் ஒரு மாடிக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். மேஸ்திரி தன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினார். பேசியது ஆரோக்கியமேரியின் தம்பி. "அக்கா போயிட்டாங்க. மழையில செவுரு இடிஞ்சு மேல வுழுந்துடுச்சு." எந்தக் கட்டடத்தில் என்று கேட்டேன். "கட்டடம் இல்லீங்க. எங்க வூடுதான்" என்றான்.

கொத்தனார் ஒருத்தி தன் வீட்டு மண்சுவர் விழுந்து செத்தாள். நினைவு மலரில் போட, நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி, நாங்கள் இருவரும் கொத்து வேலை கற்ற பயிற்சி மையத்தில் கேட்டார்கள். அவளைத் தெரிந்த உங்களுக்குப் பொய் எழுத எனக்கு மனமில்லை. எங்களுக்குள் நட்பு இருந்ததே இல்லை.

சுனாமி வந்துபோன மறு வருஷம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் மீனவக் குப்பத்துக்குப் புது வீடுகள் கட்ட ஏற்பாடானது. அந்த வேலையை உள்ளூர்க்காரர்களே கற்றுக்கொண்டு செய்யட்டும் என்று, பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் கொத்து வேலைப் பயிற்சி தொடங்கினார்கள். படகை இழந்த குடும்பத்திலிருந்து நான் போனேன். உப்பளக் கூலிகள் வாழும் காலனியிலிருந்து அவள் வந்தாள். முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்க உப்பளத்துலயும்தான் தண்ணி பூந்துச்சு. பாத்தியெல்லாம் சேறாப் போயி வேலையே இல்ல. வூடு மட்டும் உங்களுக்கு, கட்டுற வேலை எங்களுக்கா?"

"எங்க வூட்ல பொணம் வுழுந்துச்சு. உங்க வூட்ல வுழுந்துச்சா?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'குப்பத்துக்காரி' என்பாள்.

பயிற்சியில் ஒருநாள் எங்கள் இருவரையும் ஒரே சுவரில் விட்டார்கள். நான் வைத்த செங்கல் வரிசை கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையால் தள்ளிச் சரித்துவிட்டாள். "இதுக்குக் கீழ யாரோ படுத்துத் தூங்குவாங்க. ஒழுங்கா வை. இல்லன்னா போய் மீனு வித்துக்க." கலவைச் சட்டியை அவள் காலடியில் விட்டெறிந்தேன்.

பயிற்சி முடிந்ததும் எங்களை அரைக் கொத்தனார்களாக, அதாவது கொத்தனார் பக்கத்தில் நின்று வேலை பழகுபவர்களாக, எடுத்துக்கொள்வதாகக் காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வேலைக்குப் போன முதல் நாளே அவருடைய மேஸ்திரி எங்களைச் சட்டி தூக்கச் சொன்னார். "கொத்து வேலைக்கு வெளியூர் ஆளுங்க வந்தாச்சு. பொம்பளைங்கல்லாம் சித்தாளு."

ஆரோக்கியமேரி அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "கொத்து வேலைக்குத்தான் வந்தேன். கல்லு வச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

வேலை நின்றது. காண்ட்ராக்டர் போலீசைக் கூப்பிடுவதாக மிரட்டினார். எங்கள் குப்பத்து ஆண்கள் திரண்டு வந்தார்கள். "எங்க வூட்டு வேலைய நிறுத்த நீ யாரு? காலனிக்காரிக்கு இவ்ளோ திமிரா?" ஒருவர் அவள் தலைமுடியைப் பிடிக்கப் போனார். அவள் கையிலிருந்த கலவைக் கரணையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேஸ்திரி ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்கார்ந்திருந்தது எனக்கு ஒதுக்கிய வீட்டின் அஸ்திவாரம். "இது என் வூடு. அவதான் கட்டணும். வேற யாரு கல்லு வச்சாலும் எனக்கு இந்த வூடு வேணாம்" என்று கத்தினேன். அவள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. வீடு பெறுகிறவளே வேண்டாம் என்றால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று காண்ட்ராக்டர் இறங்கி வந்தார். நாங்கள் இருவரும் கரணை பிடித்தோம். மற்றப் பெண்களும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கல் எடுத்தார்கள். சுவர் இடுப்பளவு வந்தபோது அவள் சொன்னாள்: "உனக்கு நன்றி சொல்வேன்னு பாக்காத."

சொல்லவும் இல்லை. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டேன். "எங்களுக்கு வூடு வர்ற அன்னிக்கு வர்றேன்" என்றாள். காலனிக்கு வீடு வரவேயில்லை. கடல் அவர்களுடைய தொழில் இல்லையாம்.

அடக்கத்துக்குக் காண்ட்ராக்டர் பெரிய மாலையோடு வந்தார். "எங்க சைட்டுல உருவான சாதனைப் பெண்" என்று பேசத் தொடங்கினார். "போலீசைக் கூப்பிடறேன்னு சொன்னீங்களே, அந்த சைட்டா?" என்று கேட்டேன். அவள் தம்பி மாலையை வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "எடுத்துட்டுப் போங்க."

போன வாரம் காலனிப் பெண்கள் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். மனையும் சாமானும் கொடுங்கள், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். நானும் போய் நின்றேன். அதிலிருந்து எங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று காண்ட்ராக்டர் மற்ற மேஸ்திரிகளிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

ஆரோக்கியமேரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவர்கள் அவளுடைய பகையாளிகள்தான். அவர்களில் ஒருவரையும் நான் விடுவதாக இல்லை.