இன்றைய உணவு உபயம்

பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரி ஆவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். ராஜபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மாடி வீடு, நான் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் தத்தெடுப்பு வேலையாக எந்த ஆபீசுக்குப் போனாலும் "ஃபாரின் கப்பிள் வந்திருக்காங்க சார்" என்றுதான் உள்ளே சொன்னார்கள். சட்டப்படி சரிதான். என்னுடையது டென்மார்க் பாஸ்போர்ட். கணவர் பிறப்பிலேயே அந்த ஊர்க்காரர், நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகத் தெரியாத உயரம்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். கலெக்டர் உத்தரவும் அவளுடைய பாஸ்போர்ட்டும் வரும்வரை இந்தியாவிலேயே தங்கி, அவளை எங்களோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. வேப்பங்குச்சி மாதிரி மெலிந்த உடம்பு, ஒரு பை, அதில் மடிப்புக் கலையாத மூன்று கவுன்கள். என்னை அக்கா என்றாள். அவரை அண்ணே என்றாள்.

முதல் நாள் மத்தியானம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். தட்டை வைத்ததும் அவள் எழுந்து நின்றாள். கைகூப்பி, கண்ணை இறுக்கி மூடி, மூச்சு விடாமல் சொன்னாள்: "இன்று எங்களுக்கு உணவு வழங்கிய அண்ணன், அக்கா மற்றும் அவர்கள் குடும்பத்தினர் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறோம். நன்றி!" பிறகு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "சாப்பிடலாமாக்கா?"

என் கணவருக்கு நன்றி என்ற சொல் மட்டும் புரிந்தது. "பரவாயில்லை" என்று நான் சொல்லிக்கொடுத்த தமிழில் பெருமையாகப் பதில் சொன்னார். அவரை முறைத்தேன். பாவம், அவருக்கு ஏன் என்று தெரியவில்லை.

இல்லத்தில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் யாராவது ஒருவருடைய உபயம். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. கரும்பலகையில் பெயரை எழுதிவைப்பார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று வாழ்த்திவிட்டுச் சாப்பிடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே ஒரு வருஷம் டென்மார்க்கிலிருந்து பணம் அனுப்பி, வாட்ஸப்பில் வந்த வீடியோவைப் பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன். அதே வாழ்த்து என் சமையலறையில், நான் வைத்த தட்டுக்கு முன்னால் கேட்டபோது சுருக்கென்றது. என் பிள்ளைக்கு நான் உபயதாரரா?

"நம்ம வீட்ல இதெல்லாம் சொல்ல வேண்டாம் கண்ணு" என்று ராத்திரியே சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் இட்லியை வைத்தால் தொடவே இல்லை. சொல்லாமல் சாப்பிடுவது திருட்டு என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நானே "சரி, சொல்லிக்கோ" என்றேன். முகம் மலர்ந்து எழுந்து நின்றாள்.

கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வாயைத் திறந்தால் கேலிதான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் மூணு பெத்தேன். ஒண்ணாச்சும் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு நன்றி சொல்லிருக்கா? ஒனக்கு மூணு வேளையும் கெடைக்கி, கசக்குதாக்கும்!" என்றார்.

"உங்க பிள்ளைங்க மாதிரி சொல்லாம இருக்கணும். அதுதாம்மா எனக்கு வேணும்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். விளைவு, அன்று ராத்திரி வாழ்த்தில் "கீழ்வீட்டு அம்மா" என்று ஒரு பெயர் கூடியது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மில் ஆட்கள் நடுவில், பன்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பி நின்றாள். முழு வாழ்த்தும் சொன்னாள். ஒரு பெரியவர் எழுந்து, பச்சாதாபத்தோடு இன்னொரு பன் வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் வாழ்த்து. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கலெக்டர் எம்புட்டுக் கையெழுத்துப் போட்டாலும் இவள் நம்மிடம் விருந்தாளியாகத்தான் இருக்கப்போகிறாள், கோபன்ஹேகனிலும் இதே கைகூப்பலோடு நிற்கப்போகிறாள் என்று பயந்தேன்.

ஆனால் அந்த நாட்கள் மொத்தமும் அழுகை என்று சொன்னால் பொய். சாயங்காலம் மூன்று பேரும் மொட்டைமாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் "அண்ணே, குனிங்க!" என்று எச்சரிப்பாள். ராத்திரி தூக்கத்தில் என் சேலை நுனியைப் பிடித்துக்கொள்வாள். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

உத்தரவு வந்தது, பின்னாலேயே பாஸ்போர்ட்டும் வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் இல்லத்தில் ஒருவேளை சாப்பாடு போடுவது வழக்கம் என்று அங்கே பொறுப்பிலிருந்த அம்மா சொன்னார். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்பார்கள். அந்த வரிசையில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, எழுந்து வரமாட்டேன் என்றால்? போகவே வேண்டாம் என்று கணவரோடு சண்டையே போட்டேன். "அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிக் கூட்டிப்போவது?" என்று ஒரே கேள்வியில் என்னை அடக்கிவிட்டார்.

சாம்பார் சாதமும் பாயசமும் போடலாமா என்று மகளிடம் கேட்டேன். "எல்லாரும் அதத்தான்க்கா போடுவாங்க. நன்றி சொல்லிட்டு பொறவு திட்டுவோம். பிரியாணி போடுங்க" என்றாள். அவள் என்னிடம் மனசுவிட்டுச் சொன்ன முதல் யோசனை அது.

சமையல்காரரிடம் சொல்லி, பிரியாணி தேக்சாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கரும்பலகையில் எங்கள் பெயர். வேன் நின்றதும் அவள் குதித்து ஓடினாள், பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு தேக்சா பக்கம் நின்றேன். பந்தி வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் நகர்ந்து நடுவில் இடம் விட்டு, "ஏட்டி, இங்க வா!" என்று கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். அதற்குள் எல்லாரும் எழுந்து வாழ்த்தை ஆரம்பித்துவிட்டார்கள். வரிசைக்கும் எனக்கும் நடுவில் நின்றபடி அவளும் கைகூப்பினாள், உதடு கூடவே அசைந்தது. "மற்றும் அவர்கள் குடும்பத்தினர்" என்ற இடத்தில் கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். கைகள் கீழே இறங்கின.

வாழ்த்து முடிந்ததும் பெரியம்மா, "நீயும் தட்டு எடுத்துட்டு உக்காரும்மா" என்றார்.

"இல்ல பெரியம்மா. நான் வீட்ல போய்ச் சாப்பிட்டுக்கிடுறேன்" என்றாள்.

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்திலிருந்த தயிர்வெங்காய வாளியைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. அவள் அப்பா ஒருபக்கம் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு தட்டாகப் பரிமாறினாள். பிரியாணியை ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. நமக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் சைகையில் கேட்டதற்கு, "அது அவங்களுக்கு" என்றாள்.

வீட்டில் போய்ச் சாப்பிட வீட்டில் என்ன இருக்கிறது? காலையிலிருந்து நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. கொஞ்சம் தோசைமாவு இருந்தது. பசியில் சுருண்டுபோய் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவசரத்தில் கல் சூடேறுவதற்குள் ஊற்றிவிட்டேன், தோசை பிய்ந்துபோனது. அப்படியே சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டேன்.

அவள் எழுந்து நிற்கவில்லை. தட்டை உற்றுப் பார்த்தாள். "பிஞ்சிருக்கு. எனக்கு வேணாம் போ. வேற ஊத்தும்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

அழுகையும் சிரிப்புமாக வந்ததில் அடுத்த தோசையும் பிய்ந்துவிட்டது. அதற்கும் திட்டு வாங்கினேன்.