புளிக்காத ஒயின்

லாட்வியாவின் மேற்குப் பகுதியில், பாதி வருஷம் பனியில் கிடக்கும் ஒரு கிராமத்தில் திராட்சை போட்டவர் எவால்ட்ஸ். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். உருளைக்கிழங்கு போட வேண்டிய தெற்குச் சரிவில் அவர் கொடி நட்டதை மனைவி ஸ்மைடா மன்னிக்கவே இல்லை.

இலை உதிர்ந்ததும் கொடிகளைத் தரையோடு படுக்க வைத்து, ஊசியிலைக் கிளைகளால் போர்த்துவார். மே மாதத்தில் திடீரென்று உறைபனி இறங்கினால், வரிசைக்கு வரிசை ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகைமூட்டம் போட்டு, இருமிக்கொண்டே காவல் இருப்பார். தனக்குச் சளி பிடித்தால்கூட அவ்வளவு பதறமாட்டார். இத்தனை பாடுபட்டு வரும் ஒயின், நாக்கில் பட்டால் புளிப்பில் காதுவரை கூசும்.

நடுக்கோடை விழாவில் ஆளுக்கொரு மடக்கு குடித்துவிட்டு முகம் சுளிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா, வண்டி பேட்டரிக்கு ஆகும்" என்பார் பக்கத்து வீட்டு ஒயார்ஸ்.

ஒரு வருஷம் வெயிலுக்கு என்ன தோன்றியதோ, செப்டம்பர் முடிந்தும் போகவில்லை. பழம் கருத்துப் பழுத்துத் தேனாய் இனித்தது. அடுத்த விழாவில் அந்தப் பழத்து ஒயின் புட்டியைத் திறந்தார் எவால்ட்ஸ். ஒயார்ஸ் முகத்தை முன்கூட்டியே சுளித்து வைத்துக்கொண்டு குடித்தார். சுளிப்பு பாதியில் நின்றது.

"யோவ், இதை எந்தக் கடையில வாங்கின?"

"என் தோட்டத்துதுய்யா!"

"உன் தோட்டத்துச் சரக்கு எனக்குத் தெரியாதா? லேபிளைக் கிழிச்சுட்டு ஊரை ஏமாத்துறியா?"

விழா வழக்கப்படி ஓக் இலை மாலையைத் தலையில் சூடியிருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. எவால்ட்ஸ் சத்தியம் செய்தார். கைபேசியில் பழக்குலைகளின் படத்தைக் காட்டினார். "பழம் உன்னதுதான், ஒயின் யாரோடது?" என்றார்கள். புளித்த ஒயினை ஊற்றிய காலமெல்லாம் அவர் நேர்மையை ஒருவர்கூடச் சந்தேகித்ததில்லை.

சீமைச்சோம்பு போட்ட பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டிருந்த ஸ்மைடா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, நல்ல ஒயினாப் பார்த்து வாங்குற நாக்கு இந்த மனுஷனுக்கு இருந்திருந்தா, இத்தனை வருஷம் அந்தக் கண்றாவியைக் குடிச்சிருப்பாரா?"

கூட்டம் யோசித்தது.

"அதுவும் சரிதான்" என்று ஒயார்ஸ்தான் முதலில் கோப்பையை நீட்டினார்.

மனைவிக்கு நன்றி சொல்வதா, அவளைக் கோபித்துக்கொள்வதா என்று எவால்ட்ஸுக்குப் பிடிபடவில்லை. நீட்டிய கோப்பைக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே போனார். கடைசிப் புட்டியும் காலியான பிறகுதான், தனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை என்பது அவருக்கு உறைத்தது.