உடையவருக்கு சேஃப்டி பெல்ட்

எனக்குத் திட்ட வரும், கட்டிப்பிடிக்க வராது. அதனால்தான் ஆயுத பூஜை நாடகத்தில் குரு வேடத்தை என் தலையில் கட்டினார்கள். சூளகிரியை ஒட்டி, தகடு அடிக்கும் கம்பெனி எங்களுடையது. அந்த வருடம் வைணவ மகான் உடையவர் கதை. குரு அவரைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டு, வெளியே சொன்னால் நரகம் என்று எச்சரித்து மந்திரத்தைச் சொல்கிறார். அவரோ கோபுரத்தில் ஏறி, சாதி பார்க்காமல் ஊருக்கே கூவிவிடுகிறார். குரு கொதிக்கிறார். நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறட்டும் என்கிறார் சீடர். குரு உருகிப்போய்க் கட்டிக்கொள்கிறார்.

அந்த உருகல்தான் எனக்கு வரவில்லை. திருடனைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறேனாம். நாடகத்தை நடத்தியவர், கம்பெனியில் சரக்கைச் சோதிக்கும் தெலுங்குக்கார இன்ஸ்பெக்டர். அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார், மேடையிலும் இப்படியே செய்தால் இனி எனக்கு வேடமே கிடையாது என்று. எனக்கு மேடை பிடிக்கும்.

கோபுரம் என்பது அட்டை ஒட்டிய சக்கர ஏணி. உடையவர், என் பக்கத்து மெஷின் கன்னடக்காரன். காவியோடு ஏறப் போனவனை சேஃப்டி ஆபீசர் மறித்தார். உயரத்தில் ஏறினால் ஹெல்மெட்டும் பெல்ட்டும் கட்டாயம், சாமியாராக இருந்தாலும். நாமத்துக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட் போட்டு உடையவர் ஏறினார். குடும்பத்தோடு வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் அசரவில்லை. மெஷின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் கூவினான். சிரித்தவர்களே சேர்ந்து கூவினார்கள்.

அடுத்து அவன் இறங்க வேண்டும். இறங்கவில்லை. கீழே நின்று என் வசனத்தையெல்லாம் திட்டித் தீர்த்தேன். அப்போதும் இறங்கவில்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என் தலையிலும் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேலே அனுப்பினார்கள்.

"ஏன்டா எறங்கல?"

"பெல்ட்டு கொக்கி பின்னாடி சிக்கிக்கிச்சுண்ணா. கை எட்டல. ஸ்வல்ப, கொஞ்சம் எடுத்துவுடு," என்றான் மெதுவாக. ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

பின்பக்கம் போக இடமில்லை. முன்னாலிருந்தே இரண்டு கைகளாலும் அவனைச் சுற்றிக்கொண்டு முதுகில் துழாவினேன். ஹெல்மெட்டுகள் முட்டிக்கொண்டன. அந்த நிலையிலும் அவன் நரக வசனத்தை உரக்கச் சொல்லி முடித்தான். கைதட்டல் நிற்கவே இல்லை.

இறங்கி வந்தால் இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய்ப் பாராட்டு எனக்கு ஆகாது. அது நடிப்பில்லை, கொக்கியைக் கழற்றினேன் என்று உடைத்துச் சொன்னேன்.

"கொக்கி கழண்டதை நானும் பாத்தேன்யா. அதுக்கப்புறமும் நீ அவனை வுடலையே," என்றார்.